காதால் எழுதிய இலக்கணம்



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'மொழியியல் அறிஞர்' என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு ஆங்கில வாத்தியாராக இருந்தவன் நான். அதில் பாதி விடைத்தாள் திருத்துவதிலேயே போனது. ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் பேசச் சொல்கிறீர்களே என்று கேட்டேன். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் விதியே அப்படித்தானாம். நல்ல விதி. ஆங்கிலத்தில் பேசும்போது என்ன சொல்கிறோம் என்பதில் பாதிக் கவனம்தான் இருக்கும். மீதிக் கவனம் தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்பதில் போய்விடும். இன்று அந்தத் தொல்லை இல்லை.

ஆங்கில மொழியியலில் ஓர் ஆசிரிய வாழ்க்கை என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. என் வாழ்க்கையைச் சொன்னால் பத்து நிமிடத்தில் காபிக்குப் போய்விடலாம். அதனால் நான் நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ராண்டால்ஃப் குவர்க். எம்.ஏ. வகுப்பில் அவரும் சிட்னி கிரீன்பாமும் சேர்ந்து எழுதி 1973இல் வந்த இலக்கண நூலைத்தான் படித்தோம். அட்டையில் இருக்கும் பெயர் என்ற அளவில்தான் அப்போது அவரைத் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் அறை நிறையக் காகிதச் சீட்டுகள் இருந்தன என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

குவர்க் 1920இல் மான் தீவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் சின்னத் தீவு அது. மாங்க்ஸ் என்ற கெல்டிய மொழிதான் அதன் சொந்த மொழி. அவருடைய பிள்ளைப் பருவத்தில் அதைப் பேசுகிறவர்கள் கிழவர்களும் கிழவிகளுமாகக் குறைந்துகொண்டே வந்தார்கள். தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 1974இல் இறந்துபோனார். ஒரு மொழி கண்ணெதிரே வற்றிப்போகிற ஊரில் வளர்ந்த பையன், தீவையே விழுங்கிய மொழிக்கு மிகப் பெரிய இலக்கணங்களில் ஒன்றை எழுதினான். இதற்குக் காரணகாரியம் கற்பிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அந்தத் தீவின் படத்தைப் பார்க்கிற போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1939இல் சேர்ந்தார். போர் வந்தது. 1940 முதல் 1945 வரை விமானப் படையில், குண்டுவீச்சுப் பிரிவில் இருந்தார். வெடிமருந்தில் ஆர்வம் பிறந்து வேதியியல் பட்டத்துக்குக்கூடப் படிக்கத் தொடங்கினாராம். போர் முடிந்து திரும்பியவர் பழைய ஆங்கிலக் கவிதையின் தொடரமைப்பை ஆராய்ந்து முனைவரானார். நல்ல, அடக்கமான, யாருக்கும் தொந்தரவில்லாத தலைப்பு. அதோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1959. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது ஒரு வேலையைத் தொடங்கினார். 'சர்வே ஆஃப் இங்கிலீஷ் யூஸேஜ்' என்று அதற்குப் பெயர். மறு ஆண்டு லண்டனுக்கு மாறியபோது அதையும் கையோடு கொண்டுபோனார். படித்த ஆங்கிலேயர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்று சேகரித்துப் பார்க்க வேண்டும். இலக்கணம் அதற்குப் பிறகு. இருநூறு மாதிரிகள், ஒவ்வொன்றும் ஐயாயிரம் சொல், ஆக மொத்தம் பத்து லட்சம் சொற்கள். அதில் பாதி எழுத்து, பாதி பேச்சு.

பேச்சு என்றால் மேடைப் பேச்சு மட்டும் இல்லை. சாப்பாட்டு மேசை அரட்டை, தொலைபேசி, ஆசிரியர் அறை வம்பு எல்லாம். பேசுகிறவர்களில் பலருக்குத் தங்கள் பேச்சு பதிவாகிறது என்றே தெரியாது. இன்றைக்கு அப்படிச் செய்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு வேலையை விட்டே தூக்கிவிடும். ஸ்பூல் டேப்பில் பதிந்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எங்கே குரல் ஏறியது, எங்கே இறங்கியது, எங்கே இழுத்தது, எங்கே இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் குறி போட்டார்கள். பிறகு அதை ஆறங்குலத்துக்கு நாலங்குலச் சீட்டுகளில் தட்டச்சு செய்தார்கள். ஒரு சீட்டுக்குப் பதினேழு வரி. அதில் ஒரு செயப்பாட்டுவினை இருந்தால், அதை அடிக்கோடிட்டு ஒரு பிரதி செயப்பாட்டுவினை இழுப்பறைக்குப் போகும். அதே சீட்டில் ஓர் எதிர்மறை இருந்தால் இன்னொரு பிரதி இன்னோர் இழுப்பறைக்கு. கணினி பரவாத காலத்தில் கணினி செய்கிற வேலையைக் கையாலும் காகிதத்தாலும் செய்தார்கள்.

அன்றைய காற்று இதற்கு நேர் எதிராக வீசிக்கொண்டிருந்தது. மொழியியலாளர் சாம்ஸ்கியின் முதல் நூல் 1957இல் வந்துவிட்டது. மொழி மனத்துக்குள் இருக்கிறது. தாய்மொழிக்காரன் கண்ணை மூடி யோசித்தால் வேண்டிய வாக்கியம் கிடைக்கும். தெருவில் விழுந்ததைப் பொறுக்கி என்ன ஆகப் போகிறது என்பது புதிய பள்ளியின் நினைப்பு. கெட்டிக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம். சாம்ஸ்கியிடமும் நான் நிறையக் கற்றிருக்கிறேன். அவரைக் குறைசொல்லிக் கைதட்டு வாங்குவது என் நோக்கம் இல்லை. இருந்தாலும் கண்ணை மூடி யோசிக்கிறவன் சொல்வதையும் கண்ணைத் திறந்து அவன் செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் குவர்க்.

எப்படி என்று சொல்கிறேன். குவர்க்கும் ஸ்வீடன்காரர் யான் ஸ்வார்ட்விக்கும் சேர்ந்து 1966இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்கள். ஒரு வாக்கியம் ஏற்கத்தக்கதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றி. 'இது சரியா?' என்று நேராகக் கேட்டால் ஆள் உடனே வாத்தியாராகிவிடுவான். பள்ளியில் படித்த விதியை ஒப்பிப்பான். அதனால் அவர்கள் வேறு வேலை கொடுத்தார்கள். கொஞ்சம் நெருடலான ஒரு வாக்கியத்தைச் சொல்லி, இதைக் கேள்வியாக மாற்று, இதன் எழுவாயை ஒருமையாக்கு என்பார்கள். அந்த அவசரத்தில் ஆள் தன்னை அறியாமலே நெருடலைச் சரிசெய்துவிட்டால், அவன் நாக்குக்கு அது பிடிக்கவில்லை என்று பொருள். அப்புறம் தனியாக, இந்த வாக்கியம் சரியா என்று கேட்பார்கள். நாக்குச் சொன்னதும் வாய்மொழியாகச் சொன்னதும் எப்போதும் ஒத்துப்போகவில்லை. சரி என்றவர்கள் திருத்தியிருந்தார்கள். தப்பு என்றவர்கள் அப்படியே விட்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. பேனாவில் சிவப்பு மை தீராத காலம். எங்கள் பையன்களின் 'இஸின்ட் இட்'தான் எனக்கு முதல் எதிரி. 'யூ ஆர் கமிங் டுமாரோ, இஸின்ட் இட்?' என்று எழுதுவார்கள். 'ஆரின்ட் யூ' என்று வர வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அடித்து ஓரத்தில் எழுதுவேன். ஒரு நாள் குவர்க்கின் நினைப்பில், வீட்டிலிருந்த கேசட் ரிக்கார்டரை எடுத்துப்போய் எங்கள் ஓய்வறை மேசையில் பத்திரிகைக்கு அடியில் வைத்தேன். பேசியவர்கள் எல்லாரும் ஆங்கில ஆசிரியர்கள். ஊதியக் குழு பற்றி வாக்குவாதம். அறுபது நிமிடம் ஓடியது. சாயங்காலம் வீட்டில் கேட்டேன். 'இஸின்ட் இட்' பதினான்கு இடத்தில் வந்தது. பதினொன்று என் குரல்.

மறுநாள் நண்பர்களிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் ரொம்பக் கோபித்துக்கொண்டார், பதிவு செய்ததற்காக இல்லை. 'நான் அப்படிப் பேசவே மாட்டேன்' என்றார். கேசட்டைப் போட்டுக் காட்டினேன். 'அது அவசரத்துல வந்தது' என்றார். அந்த அவசரத்தைத்தானே குவர்க் தேடினார்!

அதற்குப் பிறகு சிவப்பு மையை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தேர்வு தேர்வுதான். ஆனால் அடித்த கையோடு, பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தை வெட்டி, அடித்த வாக்கியத்தை அதில் எழுதி வைக்கத் தொடங்கினேன். பஸ்ஸில் கேட்டது, வங்கியில் கேட்டது, எங்கள் முதல்வர் சுற்றறிக்கையில் எழுதியது எல்லாம் சேர்ந்தது. பாட்டா செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகள்தான் என் இழுப்பறை.

சீட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தபோது பிழைகளுக்குள்ளே ஓர் ஒழுங்கு தெரிந்தது. தமிழில் 'இல்லையா' என்று ஒன்றை வைத்துக்கொண்டு நாம் எல்லா வேலையும் பார்க்கிறோம். நீ வருவாய் இல்லையா, அவள் வந்தாள் இல்லையா, மழை பெய்தது இல்லையா. எழுவாய் மாறினால் 'இல்லையா' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலைப் புதிதாகத் தைக்க வேண்டும். நம் ஆள் ஒரே வாலை எல்லாச் சட்டைக்கும் மாட்டுகிறான். இதை அறியாமை என்று சொன்னால் பிரெஞ்சுக்காரனும் ஜெர்மன்காரனும் அறியாதவர்கள்தான். அவர்கள் மொழியிலும் ஒரே வால்தான்.

ஒரு தமாஷைச் சொல்லாமல் விட மனமில்லை. லண்டன் பதின்வயதுப் பிள்ளைகளின் பேச்சை 1993இல் பதிவு செய்து ஐந்து லட்சம் சொல்லுக்கு ஒரு தரவகம் தொகுத்தார்கள். தொகுத்தது நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம். அந்தப் பிள்ளைகள் எந்த வாக்கியம் ஆனாலும் கடைசியில் 'இன்னிட்' என்று போட்டிருந்தார்கள். இஸின்ட் இட்டின் தேய்ந்த வடிவம்தான் அது. அவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. எங்கள் பையன்களுக்கு அரை மதிப்பெண் போனது.

'ஒன்லி' இன்னும் சுவையானது. 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்.' ஆங்கிலேயன் காதுக்கு இது, நேற்று மட்டும் வந்தேன், மற்ற நாள் வரவில்லை என்று கேட்கும். சொன்னவன் நினைத்தது 'நேத்துதான் வந்தேன்.' தமிழின் 'தான்' ஒரு சொல்லின்மேல் விளக்கைத் திருப்பிவைக்கிறது. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் குரல் அழுத்தம் இருக்கிறது, வாக்கியத்தை உடைத்து மாற்றிப்போடுகிற வழி இருக்கிறது. நம் ஆளுக்கு ஒரு சொல் தேவை. பக்கத்தில் கிடந்த 'ஒன்லி'யை எடுத்துக்கொண்டான். என் சீட்டுகளில் இந்த 'ஒன்லி' ஒருமுறைகூட இடம் தவறி வரவில்லை. 'தான்' எங்கே ஒட்டுமோ அங்கேதான், அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டியிருந்தது. இதைத்தானே இலக்கணம் என்கிறோம்?

இதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு குழுவின் முன் போய் நின்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வேண்டாம். 'பிழையைத் திருத்துங்க சார், ஆராய்ச்சி எதுக்கு?' என்றார் ஒரு பெரியவர். கடைசியில் வேறொரு தலைப்பில் பட்டம் வாங்கினேன். அந்த ஆய்வேட்டை நானே மறுபடி படித்ததில்லை.

அந்தப் பெரியவரிடம் அன்று சொல்லத் தோன்றாதது பிறகு ஒரு தமிழாசிரிய நண்பரின் உதவியால் கிடைத்தது. தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஆளை 'அவர் வந்தார்' என்று பன்மையில் சொல்வது இலக்கணப்படி நேர் வழி இல்லை என்று தொல்காப்பியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் உயர்வு கருதி வழக்கில் அப்படி வருகிறது என்று நூற்பாவும் எழுதிவைக்கிறார். தப்பு என்று அடிக்கவும் இல்லை, விதியை மாற்றி மழுப்பவும் இல்லை. வழுவமைதி என்று ஒரு கலைச்சொல்லே நம்மிடம் இருக்கிறது. வழுவுக்கும் வழாநிலைக்கும் நடுவில் ஒரு நாற்காலி. காலத்தோடு வழக்கில் வந்து சேர்ந்த சொல்லைத் தள்ள வேண்டியதில்லை என்றும் அதே நூலில் இருக்கிறது. அந்த நூலின் பாயிரமோ, ஆசிரியர் வழக்கையும் செய்யுளையும் இரண்டையும் ஆராய்ந்தார் என்கிறது. பேச்சில் பாதி, எழுத்தில் பாதி என்று குவர்க் பிரித்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? பழம்பெருமை பேச வரவில்லை. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

குவர்க்கின் சீட்டுகள் புத்தகமாயின. 1972இல் பெரிய இலக்கணம் ஒன்று. அதே 1972இல் பேச்சுப் பயிற்சி மருத்துவம் பற்றி அவர் தலைமையில் அமைந்த அரசுக் குழுவின் அறிக்கையும் வந்தது. ஒரு மொழியியல்காரன் திக்குவாய்க் குழந்தைகளுக்குப் பயன்பட்டான் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். 1985இல் இன்னும் பெரிய இலக்கணம், 1,779 பக்கம். குவர்க், கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், ஸ்வார்ட்விக் என்று நான்கு பேர். பொருளடைவு தயாரித்தவர் டேவிட் கிரிஸ்டல். எங்கள் நூலக உதவியாளர் அதை அலமாரியிலிருந்து இறக்கும்போது, 'படிச்சுட்டு நீங்களே மேல வெச்சுருங்க சார்' என்பார். ஆங்கிலத்தின் இவ்வளவு பெரிய இலக்கணத்தை எழுதியவர்களில் ஒருவர் ஸ்வீடன்காரர் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன் ஏழு தொகுதி எழுதிய யெஸ்பர்சன் டென்மார்க்காரர். வெளியாள் காதுக்குச் சில ஓசைகள் தெளிவாகக் கேட்கும்போல.

இவ்வளவு கொண்டாடிய பிறகு, எனக்குக் குவர்க்கோடு இருக்கும் வழக்கையும் சொல்ல வேண்டும்.

1984இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் ஐம்பதாம் ஆண்டையொட்டி லண்டனில் ஒரு மாநாடு. குவர்க் பேசினார். ஸ்ரீநகரில் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ருவும் பேசினார். ஆங்கிலம் இப்போது மூன்று வட்டமாக இருக்கிறது. இந்தியா போன்ற நாடுகள் வெளிவட்டத்தில் தங்களுக்கான ஆங்கிலத்தைத் தாங்களே செய்துகொள்கின்றன. அதற்கான தரத்தையும் அவர்களே வகுப்பார்கள் என்பது கச்ருவின் வாதம். குவர்க்குக்கு இது உவப்பாக இல்லை. உலகம் முழுக்கப் புரிகிற ஒரு தர ஆங்கிலம் வேண்டும், மற்ற நாட்டு ஆசிரியர்கள் தாய்மொழிக்காரர் பேச்சோடு விடாமல் தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்றார். 1990இல் 'இங்கிலீஷ் டுடே' இதழில் இன்னும் அழுத்தமாக எழுதினார். அடுத்த ஆண்டு அதே இதழில் கச்ரு பதில் சொன்னார்.

குவர்க் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறை ஆங்கிலத்தை 'எங்கள் தரம்' என்று ஏழைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் 'யெஸ்டர்டே ஒன்லி' என்று சொன்ன என் மாணவிக்கு வேலை கிடைக்காமல் போனதும் தெரியும். வழுவமைதி என்று சொல்லி அவளுக்குச் சம்பளம் வாங்கித் தர முடியாது. அந்த விஷயத்தில் வகுப்பறை வாத்தியாராக நான் குவர்க் பக்கம்தான். 'நேர்காணலில் இப்படிச் சொல், வீட்டில் எப்படி வேண்டுமானாலும் சொல்' என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

என் வருத்தம் வேறு. சாப்பாட்டு மேசை அரட்டையைக்கூட ஒலிப்பதிவு செய்து கேட்ட மனிதர், எங்களைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பத்து லட்சம் சொல் சேர்த்த பிறகு பேசியவர், எங்கள் விஷயத்தில் எத்தனை சொல் சேர்த்தார்? எங்களிடம் கணக்கு இல்லாமலும் இல்லை. கொல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரியும் அவர் குழுவும் 1978இல் இந்தியாவில் அச்சான ஆங்கிலத்திலிருந்து ஐந்நூறு மாதிரி எடுத்து, பத்து லட்சம் சொல்லுக்குத் தரவகம் கட்டினார்கள். அமெரிக்காவின் பிரவுன் தரவகத்தை அடியொற்றிய வேலை. நம் நாட்டு ஆங்கிலத் துறைகளில் ஷேக்ஸ்பியருக்கு நினைவு விழா எடுத்தவர்கள் எத்தனையோ பேர். கொல்ஹாப்பூர்க்காரர்களுக்கு ஒரு பொன்னாடையாவது போர்த்தியது யார்?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. குவர்க் லண்டன் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் போனார். பிறகு பிரபு பட்டம் பெற்று மேலவைக்கும் போனார். அந்தச் சீட்டு அறை 1983இல் கிரீன்பாமின் பொறுப்புக்கு வந்தது. என் எம்.ஏ. புத்தக அட்டையிலிருந்த இன்னொரு பெயர். அவர் 1988இல் ஒரு திட்டம் முன்வைத்தார். ஆங்கிலம் புழங்கும் நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் ஒரே முறையில் பத்து லட்சம் சொல் சேர்ப்போம் என்று. இந்த முறை பேச்சுக்கு முந்நூறு மாதிரி, எழுத்துக்கு இருநூறுதான். இந்தியாவும் அதில் உண்டு. கொல்ஹாப்பூர்தான் அந்த வேலையில் இறங்கியது. எங்களைக் கேட்கச் சொன்ன குரல், எங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரின் அதே அறையிலிருந்து வந்தது. கிரீன்பாம் 1996இல் மாஸ்கோவில் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். குவர்க் 97 வயது வரை இருந்து 2017 டிசம்பரில் மறைந்தார்.

என் அட்டைப்பெட்டிகளைச் சென்ற ஆண்டு ஒரு மாணவி வந்து எடுத்துப்போனாள். கரையான் தின்றது போக மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம் சீட்டு. கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு சீட்டை மட்டும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாததால்.

வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் என் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வீட்டில் இல்லை. என் மனைவி எட்டாவது வரை படித்தவர். எடுத்து, 'சார் நாட் தேர். சப்பல் ஒன்லி தேர்' என்று சொல்லி வைத்துவிட்டார். தெருமுனைக் கோயிலுக்கு நான் செருப்பில்லாமல் போவது வழக்கம். செருப்பு இருக்கிறதென்றால் பக்கத்தில்தான் போயிருக்கிறேன், வந்துவிடுவேன். அந்த ஆய்வாளருக்குப் புரிந்ததோ என்னவோ, கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டார்.

சீட்டை எழுதிவிட்டேன். இந்த 'ஒன்லி' எது? 'செருப்பு மட்டும் இருக்கு' என்றால் ஆங்கிலேயன் ஒன்லி; ஒரு குறையும் இல்லை. 'செருப்புதான் இருக்கு' என்றால் நம் ஒன்லி. ராத்திரி சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன்: "நீ 'மட்டும்'னு நெனச்சுச் சொன்னியா, 'தான்'னு நெனச்சுச் சொன்னியா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதானேங்க."